முன்பல் இரண்டு

பேருந்துப் பணிமனையில் அவனை எல்லோரும் டார்ச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிற வேலை. சட்டைப் பையில் எந்நேரமும் கட்டைவிரல் தடிமனில் ஒரு டார்ச்சு லைட் இருக்கும். "பின் விளக்கு எரியுதுண்ணே, நானே பார்த்தேன்" என்று ஓட்டுநர் சத்தியம் செய்தாலும் செல்லாது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒயர் ஒயராகத் தடவி, ஃபியூசைக் கழற்றி முகர்ந்து பார்த்த பிறகுதான் நம்புவான். அதுவும் முக்கால்வாசிதான். ஒயரின் தோலை முன்பல்லால் கடித்து உரித்து, த்தூ என்று துப்புவான். அதற்குக் கருவி இருக்கிறது. அந்தக் கருவி சரியாக உரிக்குமா என்பதிலும் அவனுக்குச் சந்தேகம்.

வீட்டிலும் இதே கூத்துதான். பால் பாக்கெட்டின் தேதியை விளக்கடியில் பிடித்துப் படிப்பான். கேஸை மூடிவிட்டேன் என்று அம்மா சொன்ன பிறகு அவன் போய் ஒரு தடவை மூடுவான். கல்யாணப் பேச்சு மூன்று முறை வந்தது. அவன் விசாரித்த விசாரிப்பில் மூன்று வீட்டாரும் ஓடியே போய்விட்டார்கள். நாற்பத்தொரு வயதில் ஒண்டிக்கட்டையாக, அம்மாவோடும் தங்கச்சியோடும் இரண்டு அறை வீட்டில் இருந்தான்.

அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவனுடைய அப்பா, யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புகிற மனுஷன். அவரும் ஒயர்மேன்தான். கடல் தாண்டிப் போனால் கை நிறைய வேலை என்று டீக்கடையில் அறிமுகமான ஒருவன் சொன்னான். அப்பா அம்மாவின் தையல் மெஷினை விற்றார். வீட்டில் இருந்த தன்னுடைய ஒரே ஒரு போட்டோவைப் பயணத்துக்கான தாளில் ஒட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். அப்போது டார்ச்சுக்குப் பன்னிரண்டு வயது, தங்கச்சிக்கு ஒரு வயது. போனவர் போனவர்தான். அம்மா துணி ஆலையில் பொத்தான் தைத்துப் பிள்ளைகளை வளர்த்தாள். வேறு வீட்டுக்குக் குடிபோகலாம் என்று யார் சொன்னாலும், "அவரு வந்தா இந்த விலாசத்துக்குத்தான் வருவாரு" என்று எட்டு வருடம் அந்த ஒழுகுகிற வீட்டிலேயே கிடந்தாள். பிறகு ஒருநாள், அவர் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. செய்தியைக் கொண்டுவந்தவன் டார்ச்சுதான். வெளியூர் வண்டி ஓட்டுகிற ஒரு டிரைவர் சொன்னதாகச் சொன்னான். அதற்கு அடுத்த மாதமே இப்போதிருக்கும் வீட்டுக்கு மாறினார்கள்.

தங்கச்சிக்கு இப்போது முப்பது வயது, இன்னும் பாப்பாதான். பல் கட்டுகிற பட்டறையில் வேலை செய்தாள். பல் டாக்டர்கள் வாயில் மாவைக் கடிக்கவைத்து எடுக்கிற அச்சு அங்கே வரும். அதில் பிளாஸ்டரை ஊற்றி வார்த்தெடுத்தால், மேல்வரிசையும் கீழ்வரிசையுமாக ஒரு ஆளின் வாய் மேசைமேல் உட்கார்ந்திருக்கும். ஓட்டை விழுந்த இடத்தில் மெழுகு வைத்து, பல் பதித்து, கடி சரியாக விழுகிறதா என்று பார்த்து ராவ வேண்டும். ஆளை அவள் பார்க்கவே மாட்டாள். கூட வருகிற சீட்டில் ஒரு நம்பர், வயது, ஆணா பெண்ணா, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் அச்சுகளைக் குப்பையில் கொட்டிவிடுவார்கள். பாப்பா அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்து, அந்த வாய்களுக்கு முகம் வரைவாள். அதுதான் அவளுடைய பைத்தியம்.

"வீடு பூரா யார் யாரோ இளிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. தண்ணி குடிக்க எந்திரிச்சா நெஞ்சு திக்குங்குது" என்பாள் அம்மா.

ஆனால் படங்கள் நன்றாக இருந்தன. ஒரு தடவை நூலகத்து அம்மாள் வீட்டுக்கு வந்தபோது பார்த்துவிட்டு அசந்துபோனாள். நூலகத்தின் மாடி அறையில் பதினோரு படங்களை மாட்டு, ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று உன் வாயாலேயே சொல்லு என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவானது.

அந்த வாரம் முழுக்க மழை. வியாழக்கிழமை டார்ச்சுக்கு வார விடுமுறை. படங்களைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிவைக்கச் சொல்லிவிட்டுப் பாப்பா வேலைக்குக் கிளம்பினாள். கதவருகே நின்று, "பத்துப் படம்தாண்ணே. பதினொண்ணாவதை நானே சுத்திட்டேன். அதைப் பிரிக்காதே" என்றாள்.

பிரிக்காதே என்று டார்ச்சிடம் சொல்வதும், பிரி என்று சொல்வதும் ஒன்றுதான். அவள் தெருமுனை தாண்டுவதற்குள் பிரித்துவிட்டான்.

ஒரு கிழவரின் முகம். குட்டையான நரைத்த தாடி, ஒட்டிய கன்னம், கொஞ்சமாகத் திறந்த வாய். சிரிக்கப் போகிறவரைப் போல இருந்தார். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. கண் மட்டும் எதிரில் நிற்பவனை எடைபோடுகிற மாதிரி என்னவோ போலிருந்தது. டார்ச்சு அதை அப்போது கவனிக்கவில்லை. அவன் பார்த்ததெல்லாம் அந்த வாயைத்தான். படத்தைத் திருப்பினான். பின்பக்கம் பாப்பாவின் கையெழுத்தில் "அப்பா" என்று இருந்தது.

ஈரத் தரை என்றும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்பா இறந்ததாக எந்த டிரைவரும் சொல்லவில்லை. இருபத்தொரு வருடத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், மகன் இங்கே வேலை பார்ப்பதாகப் பஸ்ஸில் யாரோ சொல்ல, அப்பா நேராகப் பணிமனை வாசலுக்கே வந்தார். கையில் ஒரு துணிப்பை, முகத்தில் நரைத்த தாடி, வாயில் முன்பல் இரண்டும் கிடையாது. டார்ச்சு அப்போது வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். அவரிடம் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினான். மூன்று மாதம் கழித்து, அவர் செத்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னான். அவரைச் சேர்த்துக்கொண்டால், வீட்டில் மிச்சம் மீதி இருப்பதையும் எவன் பேச்சையாவது நம்பித் தூக்கிக் கொடுத்துவிடுவார். அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் சோறு போடுவாள். இருபது வயதில் அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. அதற்குப் பிறகு நியாயமா இல்லையா என்று யோசிக்கவே அவன் தன்னை விடவில்லை.

அப்பா வீட்டை விட்டுப் போனபோது பாப்பா ஒரு வயதுக் குழந்தை. வீட்டில் போட்டோ கிடையாது. அப்படியிருக்க, கிழட்டு முகம் இவளுக்கு எப்படித் தெரிந்தது? முன்பல் போன விஷயம் எப்படித் தெரிந்தது? ஒரே ஒரு வழிதான் உண்டு. அவர் வந்திருக்கிறார். இவள் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் வாசலில் தான் சொன்னதையும் அவர் இவளிடம் சொல்லியிருப்பார்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தான்.

"பாப்பா, இப்பல்லாம் லேட்டா வர்றியே?"

"மழைண்ணே. பஸ்ஸு ஊருது. உங்க பஸ்ஸுதான்."

"நேத்து ஏழே முக்கால்."

"நீ என்ன, எனக்கும் வருகைப் பதிவேடு போட்டிருக்கியா?"

அம்மா முட்டையை உரித்து அவன் தட்டில் வைத்தாள். "சாப்பிட விடுடா அவளை. போலீஸ்காரன் தோத்தான் உங்கிட்ட."

"இல்லம்மா. புதுசா யாராவது பழக்கமா, வயசான ஆளு யாராவதுன்னு கேட்டேன்."

"வயசான ஆளா?" பாப்பா சிரித்துவிட்டாள். "பல் செட்டு பட்டறைக்கு வாலிபப் பசங்களா வருவாங்க? எல்லாம் வயசான ஆளுங்கதான். ஆனா அவங்க வாய்தான் வரும், ஆளு வராது."

அவள் சிரித்ததில்கூட அவனுக்கு ஏதோ தட்டுப்பட்டது. ஒன்றை மறைப்பவள்தான் இப்படி டக்கென்று சிரிப்பாள் என்று தோன்றியது. முட்டையை அப்படியே தட்டில் விட்டுவிட்டு எழுந்தான்.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பட்டறைக்கே போனான். உள்ளே மெழுகு உருகுகிற வாசனை. வெள்ளைத் தூசி படிந்த மேசைகளில் நான்கு பெண்கள் குனிந்து ராவிக்கொண்டிருந்தார்கள். பாப்பா சாப்பாட்டுக்கு வெளியே போயிருந்தாள். முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னப்பா, உன் பல்லு மறுபடி ஒடைஞ்சுதா?"

"இல்லீங்க. சும்மா இந்தப் பக்கம் வந்தேன். பாப்பா தனியா யாருக்காவது பல்லு கட்டுதா?"

"தனியாவா?"

"பட்டறைக் கணக்குல இல்லாம. தெரிஞ்சவங்களுக்கு, சும்மா."

அந்த அம்மாள் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். "உன் தங்கச்சி என்னைக் கேக்காம ஒரு பல்லை எடுக்க மாட்டா. போன வாரம் மட்டும் சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காந்து எதையோ ராவிக்கிட்டு இருந்தா. என்னன்னு கேட்டேன். வீட்டு விஷயம்க்கா, ஞாயித்துக்கெழமை வந்து பாருங்கன்னா."

வீட்டு விஷயம்! அவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

சனிக்கிழமை பாப்பா குளிக்கப் போன நேரம் அவளுடைய அலமாரியைத் திறந்தான். தட்டுத் தட்டாக வாய்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து லைட் அடித்துப் பார்த்தான். கடைசியில், சேலைத் துணியில் சுற்றிய ஒன்று கைக்குக் கிடைத்தது. அதில் சீட்டும் இல்லை, நம்பரும் இல்லை. பிரித்தான். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. அந்த இடம் வழவழவென்று இருந்தது. வாய்க்குள் எட்டிப் பார்ப்பவனைப் போல ஒளியை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைவாயில் இடப்பக்கம் ஒரு பல் குறுக்கே சாய்ந்திருந்தது. அப்பாவுக்கு அப்படி இருந்ததா என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டான்.

ஆக, அவர் இந்த ஊரில்தான் இருக்கிறார். இவள் அவருக்குப் பல் கட்டுகிறாள். அச்சைச் சுற்றியிருந்ததோ அம்மாவின் பழைய சேலைத் துணி. அம்மாவும் இதில் கூட்டா? மூன்று நாளில் அவனுடைய சந்தேகம் அம்மாவின் முந்தானையையே பிடித்துவிட்டது.

சமையலறைக்குப் போய், "நாளைக்கு நீ வர வேணாம்மா. மழை. மாடிப்படி வேற வழுக்கும்" என்றான்.

"தவழ்ந்தாவது ஏறுவேன். எம் பொண்ணு பேசுறதைக் கேக்காம?"

"அவ என்ன பேசப்போறான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்ல மாட்டேங்குறா. கடைசிப் படம் உனக்குத்தாம்மா, அதுவரைக்கும் எந்திரிச்சுப் போயிடாதேங்குறா." அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏன்டா, உனக்கு ஒடம்பு சரியில்லையா? மூணு நாளா பேயறைஞ்ச மாதிரி இருக்கே."

அவன் கேஸை மூடினான். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

ஞாயிறன்று மாடி அறையில் இருபத்தைந்து பேர் இருப்பார்கள். குடைகள் மூலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தன. முதலாளியம்மா, பட்டறைப் பெண்கள், ஒரு பல் டாக்டர், நூலகத்துக்குச் செய்தித்தாள் படிக்க வந்தவர்கள் என்று கலவையான கூட்டம். அம்மா முதல் வரிசையில், துவைத்த சேலையில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டார்ச்சு பின்னால் கதவுக்குப் பக்கத்தில் நின்றான். படியேறி வருகிற ஒவ்வொரு வயசாளியின் வாயையும் பார்த்தான். அவர் வருவார், இன்று வந்து நிற்பார் என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது. பதினோராவது படத்தின்மேல் ஒரு துணி தொங்கியது.

பாப்பா பேச ஆரம்பித்தபோது குரல் நடுங்கியது. பிறகு முதல் படத்தின் அச்சைக் கையில் எடுத்தாள், நடுக்கம் போய்விட்டது.

"இவங்களை நான் பார்த்ததே இல்லை. அம்பத்திரெண்டு வயசு, பொம்பளைன்னு சீட்டுல இருந்துச்சு. மேல் பல்லுல இங்க ஒரு சின்னப் பள்ளம் பாருங்க. குண்டூசியைப் பல்லுல கடிச்சிக்கிட்டே வேலை செய்யுறவங்களுக்கு இப்படி விழும். எங்கம்மாவுக்கு இருக்கு. அதனால தையல்காரின்னு வெச்சு வரைஞ்சேன். வாயை இறுக்கி வெச்சிருக்காங்க பாருங்க, ஊசி விழுந்துடக் கூடாதுல்ல."

கூட்டம் சிரித்தது. அம்மா நாக்கால் தன் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"இவரு தூக்கத்துல பல்லைக் கடிக்கிறவரு. எல்லாப் பல்லும் தேஞ்சு ஒரே மட்டமா இருக்கு. பகல்ல யார்கிட்டயோ சொல்ல முடியாத கோபம். அதான் சிரிச்ச முகமா வரைஞ்சேன்."

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். பென்சில் கடிக்கிறவர், ஒரு பக்கமாகவே மென்று ஒரு கன்னம் பெருத்தவர், தெத்துப்பல்லை மறைக்க உதட்டை இழுத்து இழுத்துப் பழகிய பெண். டாக்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். டார்ச்சின் காதில் பாதிதான் விழுந்தது. அவனுக்கு உள்ளங்கை வேர்த்து, டார்ச்சு லைட் வழுக்கியது.

பாப்பா துணியை விலக்கினாள்.

"இது எங்க அப்பா."

அம்மா மடியிலிருந்த கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பாப்பா சேலைத் துணியைப் பிரித்து அந்த அச்சை வெளியே எடுத்தாள்.

"இந்த அச்சு..."

"எங்க இருக்காரு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டார்ச்சு நாற்காலிகளுக்கு நடுவே வந்துவிட்டிருந்தான்.

"அண்ணே?"

"நடிக்காதே பாப்பா. எங்க வெச்சிருக்கே அவரை? எத்தனை நாளா நடக்குது இது?"

"யாரை? என்ன சொல்றே நீ?"

"அப்பாவைப் பார்க்காமத்தான் வரைஞ்சியா? முன்பல்லு ரெண்டும் போனது உனக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா?"

பாப்பா அச்சையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரும் சொல்லலையேண்ணே. இது உன்னோட பல்லு."

"என்னது?"

"மூணு வருஷம் முன்னாடி உனக்குக் கடைவாய்ப் பல்லு கட்டுனோமே, அப்ப எடுத்த அச்சு. உனக்கு அப்படியே அப்பா வாயின்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ஒயரைப் பல்லால உரிக்கிறதுகூட அவரு பழக்கம்தானாம். அப்படி உரிக்கிறவங்களுக்கு முதல்ல முன்பல்லுதான் போகும். உனக்கே ரெண்டும் ஆடுது, நீ வெளிய சொல்றதில்ல. உயிரோட இருந்திருந்தா எப்படி இருப்பாருன்னு பார்க்கலாமேன்னு ரெண்டையும் ராவி எடுத்தேன். பல்லு இல்லேன்னா கன்னம் எப்படி இறங்கும்னு எனக்குத் தெரியும். தாடி சும்மா வெச்சது." அவள் நிறுத்தினாள். குரல் இறங்கிவிட்டது. "நிஜமாவே போயிருந்துச்சாண்ணே?"

சாய்ந்த கடைவாய்ப் பல்லை அவன் நாக்கு தானாகத் தேடிப்போய்த் தொட்டது. இடப்பக்கம்தான்.

அம்மா எழுந்தாள். அவசரப்படவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"போறப்ப அவருக்குப் பல்லு முழுசா இருந்துச்சே" என்றாள். "நீ எங்கடா பார்த்தே?"

பொய் சொல்ல அவனுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. மூன்று நாளாக எல்லோருடைய பொய்யையும் தேடித் தேடிக் களைத்துப்போயிருந்தான்.

"பணிமனை வாசல்லம்மா."

"எப்போ?"

"பாப்பா நாலாவது படிக்கிறப்போ."

"செத்துட்டாருன்னு வந்து சொன்னியே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. மூணு மாசம் முன்னாடி."

முதலாளியம்மா எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா மெதுவாக அதை விடுவித்துக்கொண்டு படத்துக்கு அருகில் போனாள். பார்வை மங்கியவள், மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். தாடியைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள். வெகுநேரம் வாயைப் பார்த்தாள்.

"வாய் அவருதுதான் பாப்பா. நல்லா வந்திருக்கு" என்றாள். "கண்ணுதான் தப்பு."

"தப்பாம்மா?"

"இது இவன் கண்ணு. அவரு யாரையும் இப்படிப் பார்க்க மாட்டாரு. சந்தேகப்படவே தெரியாது அந்த மனுசனுக்கு. எவன் எதைச் சொன்னாலும் நம்பிடுவாரு."

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஏதோ பட்டிருக்க வேண்டும். திரும்பினாள். டார்ச்சின் முகத்தைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையை அவள் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

"அவர்கிட்ட என்னன்னு சொல்லி அனுப்பினே?"

அவன் டார்ச்சு லைட்டைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"சும்மா போன்னு சொன்னா போயிருக்க மாட்டாரு. வீட்டைத் தேடி வந்திருப்பாரு. அதே வீட்டுலதானேடா நான் உக்காந்திருந்தேன்? என்ன சொன்னே?"

"நீ செத்துட்டேன்னு."

பாப்பாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"பாப்பாவும்தான்னு சொன்னேன்." இனி நிறுத்த முடியாதவனாக அவன் சொன்னான். "காய்ச்சல்னு சொன்னேன். அந்த வீடு இப்ப நம்மளது இல்லேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுல கையை வெச்சிக்கிட்டு நின்னாரு. அப்புறம் எனக்குக் கொண்டுவந்த ஒரு ஸ்க்ரூடிரைவரைப் பையிலேர்ந்து எடுத்துக் கொடுத்துட்டுப் போயிட்டாரு. ஒரு கேள்விகூடக் கேக்கலம்மா. எப்போ, எப்படி, எங்க, ஒண்ணுமே கேக்கல."

அம்மா பாப்பாவின் கையிலிருந்து அந்த அச்சை வாங்கினாள். இரண்டு பல்லும் இல்லாத வழவழப்பான இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, வெளியே பெய்கிற மழையைப் பார்த்தாள்.

"கேக்க மாட்டாரு" என்றாள்.